சாலையும் நீரும் சேரும் பட்டினம்

ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இருவகை ஊர்திகளை நாடுகின்றனர். ஒன்று நகரத்துத் தெருக்களைச் சுற்றி வரும் பஸ் வண்டி. மற்றையது நகரின் ஊடே ஓடும் ஆற்றிலோ கால்வாயிலோ செல்லும் படகு. இலண்டனில் தேம்சு நதியும், பாரிசில் சேன் நதியும், புடாபெஸ்டில் தன்யூப் நதியும் இத்தகைய படகுச் செலவுக்கு இடந்தருகின்றன. ஒரே நகரத்தை இருமுறை காண்பது எதற்கு என்று வினவுவோர் உளர். அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்டர்டாம் நகரத்தைப் போன்று உதவும் நகரம் வேறொன்று அரிது.

அம்ஸ்டர்டாம் நகரத்தின் பெரிய கால்வாய்கள் 1613 ஆம் ஆண்டு முதல் வெட்டப்பட்டவை. அவை அரைவட்டங்களாக, ஒன்றின்பின் ஒன்றாக, பழைய நகரத்தைச் சூழ்ந்து கிடக்கின்றன. அவற்றின் இரு கரைகளிலும் வணிகர் தம் இல்லங்களை நெருக்கமாக அமைத்தனர். பஸ் வண்டியிற் செல்பவர் கடைகளையும், அரும்பொருட்சாலைகளையும், தேவாலயங்களையும் காண்பார். ஆயின் அந்த வீடுகள் ஏன் இத்துணை ஒடுங்கி உயர்ந்திருக்கின்றன, ஒவ்வொரு வீட்டின் முகட்டிலும் கொளுக்கி மாட்டிய உத்தரமொன்று ஏன் நீண்டு நிற்கின்றது என்பன அவருக்கு எளிதில் விளங்கமாட்டா. படகில் அமர்ந்து நீர்மட்டத்திலிருந்து நிமிர்ந்து நோக்குபவருக்கோ அக்கணமே விளங்கும். கால்வாயில் வந்த தோணியிலிருந்து பொதிகளைக் கயிற்றிற் கட்டி, மேல்மாடிப் பண்டசாலைக்கு ஏற்றுதற்கே அவ்வுத்தரம் அமைந்தது. நகரத்தின் முகம் நீரை நோக்கியிருந்தது. தெரு அதன் துணைவாயிலாகவே இருந்தது. சதுப்பு நிலத்தில் எழுந்த அந்நகரத்தின் கட்டடங்கள் மரக்கம்பங்களின்மேல் நிற்பவை. இன்று அரண்மனையாக விளங்கும் பழைய நகர மண்டபத்தின் அடியில் மட்டும் 13,659 கம்பங்கள் இறக்கப்பட்டன என்பர். அக்கால்வாய் வட்டத்தை 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இவையெல்லாம் தொலைதேசத்துச் செய்திகள் என்று இலங்கையின் வடபகுதி மக்கள் எண்ணவேண்டியதில்லை. அம்ஸ்டர்டாம் என்னும் பெயரை ஒருகாலத்திற் சுமந்த இடமொன்று அவர்கட்கு மிக அண்மையிலேயே உண்டு. அது காரைநகர். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், அதன் மேற்கே கிடந்த தீவுகளுக்குத் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், அனலைதீவு ரொட்டர்டாம் எனவும், நெடுந்தீவு டெல்ஃப்ட் எனவும் பெயர்பெற்றன. 1602 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு நகரங்களிற் கிளைகள் இருந்தன. அவற்றுள் அம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், ரொட்டர்டாம், டெல்ஃப்ட் ஆகிய நான்கின் பெயர்களும் இத்தீவுகளில் இடம்பெற்றமை நோக்கற்பாலது. இப்பெயர்களுள் டெல்ஃப்ட் என்பதொன்றே ஆங்கில வழக்கில் இன்றுவரை நிலைத்துள்ளது.

எனவே ஐரோப்பிய நகரங்களைக் காணும் முறையை யாழ்ப்பாணத்துக்கும் பொருத்திப் பார்ப்பது தகும். ஈண்டு ஆறு இல்லை. ஆற்றின் இடத்தில் கடனீரேரி உண்டு. சுற்றுலாப் படகின் இடத்தில், தீவு மக்கள் நாடோறும் ஏறியிறங்கும் மோட்டார் வள்ளம் உண்டு. பட்டினம் என்னும் சொல்லே நீர்க்கரை நகரத்தைக் குறிப்பது. யாழ்ப்பாணப்பட்டினம் என்ற முழுப்பெயரையே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தத்தம் நாவுக்கு இசையத் திரித்து வழங்கினர். பட்டினத்தைச் சாலையில் நின்று மட்டும் பார்ப்பவர் அதன் பாதியையே பார்த்தவராவர்.

இப்பயணத்தைப் பளையிலிருந்து தொடங்குவதே முறை. அதற்குத் தக்க காரணம் உண்டு. கண்டி வீதி எனவும் ஏ9 எனவும் வழங்கும் நெடுஞ்சாலை, வன்னிப் பெருநிலத்திலிருந்து ஆனையிறவைக் கடந்து, இயக்கச்சி, பளை ஆகிய ஊர்களினூடே குடாநாட்டுக்குட் செல்கின்றது. ஆனையிறவு என்னும் பெயரின் பொருளை ஊன்றி நோக்கினால் அச்சாலையின் பழைய பயன் விளங்கும். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற அந்நீர்ப்பரப்பை நடந்தே கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. வன்னியர் தலைவர்கள் திறையாகச் செலுத்தியவையும் யானைகளே. யாழ்ப்பாணத்தில் அவை விற்கப்பட்டு, மரக்கலங்களில் ஏற்றப்பட்டு, கொல்கொண்டா, வங்காளம் முதலிய தேசங்களுக்குச் சென்றன. இன்று பளையிலிருந்து பஸ் வண்டி செல்லும் திசையிலேதான் அன்று யானைகளும் நடந்தன. அவற்றுக்கு வீதி முடிந்த இடத்தில் நீர்வழி தொடங்கிற்று.

அவ்வழியைக் காக்கும்பொருட்டு ஒல்லாந்தர் குடாநாட்டின் கீழ்வாயிலில் மூன்று சிறு கோட்டைகளை நிறுத்தினர். ஆனையிறவு, பைல், பெசூட்டர் என்பன அவற்றின் பெயர்கள். வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையே யார் செல்கின்றனர், எப்பொருள் செல்கின்றது என்பதைக் கண்காணித்தலே அவற்றின் முதற்பணி. பளை வட்டார மக்கள் தம் ஊரை வண்டிகள் கடந்துசெல்லும் வழியூர் என்று மட்டும் கருதுவதுண்டு. உண்மையில் அஃது ஒரு பட்டினத்தின் தலைவாயிலாக இருந்த ஊர்.

பளையை விட்டுப் புறப்படும் வண்டி தென்னந்தோப்புகளைக் கடந்து எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், சாவகச்சேரி ஆகிய ஊர்களினூடே செல்லும். தென்னை குறைந்து, பலாவும் மாவும் பனையும் மிகும். நாவற்குழியை அடைந்ததும் நிலம் திடீரெனத் திறந்து, இருபுறமும் உவர்நிலமும் நீருமாகக் காட்சி தரும். இவ்விடத்தில் வண்டியின் சாளரத்தூடே ஒருகணம் ஊன்றி நோக்குவது நன்று. தென்மராட்சிக்கும் வலிகாமத்துக்கும் இடையே கடல்நீர் எவ்வாறு உள்நுழைந்து கிடக்கின்றது என்பது இங்கேதான் தெளிவாகும். 1995 ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் இலட்சக்கணக்கான மக்கள் கால்நடையாக ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு வெளியேறியதும் இவ்வொடுங்கிய வழியினூடேதான்.

நகரத்தை நெருங்கும் வண்டி முதலில் நல்லூர்ப் பகுதியைத் தொடும். இவ்வரிசை தற்செயலானது எனினும் வரலாற்று முறையோடு ஒத்திருக்கின்றது. ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகர் நல்லூரே. அது நீர்க்கரையை விட்டு உள்ளே, நன்னிலத்தில், நான்கு திசையும் வீதிகள் கூடும் இடத்தில் அமைந்தது. 1619 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா அரசைக் கைப்பற்றினான். 1621 இல் பழைய நல்லூர்க் கோயிலை இடிப்பித்தான். இறுதி மன்னன் சங்கிலி கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1623 இல் கொல்லப்பட்டான். அதன்பின் ஆட்சியின் இருப்பிடம் நல்லூரை விட்டுக் கடனீரேரியின் கரைக்கு மாறிற்று. உள்நாட்டு மன்னருக்கு வயலும் கோயிலும் வீதியும் முதன்மையாக இருந்தன. கப்பலில் வந்தவர்களுக்கோ, ஆபத்து நேர்ந்தால் கப்பலுக்கு மீளும் வழியே முதன்மையாக இருந்தது. நல்லூரிலிருந்து கோட்டை வரையுள்ள சில கிலோமீற்றர் தூரத்தில் பஸ் வண்டி கடப்பது இப்பெரும் மாற்றத்தையே.

நகரின் நடுவே மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கின்றது. வேல்ஸ் இளவரசர் 1875 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தமையின் நினைவாக எழுந்தது அது. அதனையடுத்துள்ள பொதுநூலகம் 1959 இல் திறக்கப்பட்டு, 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டு, பின்னர் மீளக் கட்டப்பட்டது. நூலகத்துக்கு அண்மையிலேயே கோட்டை உளது. ஐந்து மூலைகளிலும் ஐந்து கொத்தளங்கள் கொண்டு, அகழி சூழ, பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கொண்டு கட்டப்பட்ட அக்கோட்டையின் உள்வளைவை ஒல்லாந்தர் 1680 இல் முடித்தனர். வெளியரண்கள் 1792 இலேயே முற்றுப்பெற்றன. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், அஃது ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. உள்ளே 1706 இல் எழுந்த சிலுவை வடிவத் தேவாலயம் அண்மைக்காலப் போரிற் சிதைந்து, இன்று கற்குவியலாகவே காட்சியளிக்கின்றது.

கோட்டை மதிலின் மேல் ஏறி நிற்பவர் தெற்கே கடனீரேரியைக் காண்பார். அங்கேதான் ஓர் ஐயம் எழவேண்டும். இந்நீரோ ஆழமற்றது, பெருங்கப்பல் எதுவும் இங்கு அணையமாட்டாது. அங்ஙனமாயின் யானைகளையும் பிற பண்டங்களையும் ஏற்றிய கப்பல்கள் எங்கே நின்றன? இவ்வினாவுக்கு விடை கோட்டைக்குள் இல்லை. அதனைத் தேடிப் பண்ணைப் பாலத்தைக் கடந்து மேற்கே தீவகத்துக்குச் செல்லவேண்டும்.

பண்ணையிற் பஸ் வண்டி நீரின் நடுவே செல்வது போலத் தோன்றும். இருபுறமும் மீனவர் நட்ட கம்புகளும் வலைகளும், இடையிடையே சிறு தோணிகளும் காணப்படும். வேலணைத்தீவின் அல்லைப்பிட்டியிற் சோங் வமிச காலத்துச் சீன மட்பாண்டங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஐரோப்பியர் வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே கீழைக்கடல் வாணிகம் இக்கரைகளைத் தொட்டது என்பதற்கு அவை சான்று. அத்தீவின் வடமேற்கு முனையிலுள்ள ஊர்காவற்றுறையே முற்காலத்துப் பெருந்துறைமுகம். அதனை ஆங்கிலத்திற் கய்ட்ஸ் என்பர். இறங்குதுறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. கப்பல்கள் நின்றது இங்கேதான். இங்கிருந்து யாழ்ப்பாணக் கோட்டைக்குச் சிறு தோணிகளே சென்றுவந்தன.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய நீர்ப்பரப்பின் நடுவே, கடலினின்றும் முளைத்தாற்போல நிற்பது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1658 இற் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். இலங்கைத் தீவின் வடிவம் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடையை ஒத்தது என்றும், இவ்விடம் அதன் குதியை ஒத்தது என்றும் அவர்கள் கருதினராம். பிற்காலத்தில் அது சிறைச்சாலையாயிற்று. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கைதானோர் பலர் அங்கு அடைக்கப்பட்டிருந்தனர். அண்மைக் காலத்தில் அது கடற்படையினரின் பொறுப்பில் விருந்தினர் விடுதியாக நடத்தப்பட்டு வருகின்றது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அக்கோட்டை ஓர் அழகிய பொருள். நீரிற் சென்று பார்ப்பவருக்கோ அஃது ஒரு பூட்டு. கடலிலிருந்து கடனீரேரிக்குள் நுழையும் எந்தக் கலமும் அதன் பீரங்கிகளுக்கு முன்னே செல்லாமல் உட்புகுதல் அரிது. கீழ்வாயிலிற் பைல் கோட்டையும், மேல்வாயிலிற் கடற்கோட்டையும், நடுவே யாழ்ப்பாணக் கோட்டையும் ஒரே பண்டகசாலையின் கதவுகள் என்பது அப்பொழுது விளங்கும்.

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கும் பாலவீதி உண்டு. அதன் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையோடு பஸ் வண்டியின் பயணம் முடிகின்றது. அப்பாற் செல்வதற்கு வள்ளமே வழி. நயினாதீவுக்குச் சிறிது நேரமே செல்லும். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும். வள்ளத்தில் அரிசி மூடைகளும், எரிவாயு உருளைகளும், பாடசாலை செல்லும் ஆசிரியர்களும், வைத்தியசாலையிலிருந்து திரும்பும் முதியோரும் நிறைந்திருப்பர். ஐரோப்பிய நதிகளில் உலாவரும் கண்ணாடிக் கூரைப் படகுகளில் இக்காட்சி கிடையாது. நீர்வழி வேடிக்கைப் பொருளாக மாறிவிடாது வாழ்க்கைப் பொருளாகவே இருக்கும் இடம் இது.

நயினாதீவை அணுகும்போது நாகபூசணி அம்மன் கோயிலின் கோபுரமும், சற்றுத் தொலைவிற் பௌத்த விகாரையும் நீரின் மேலாகத் தோன்றும். அத்தீவில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அது பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அது கூறுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தாற் பாதி அரசனுக்கும் பாதி உடையவனுக்கும் உரியன. ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறையே. சிங்கள நாட்டு மன்னன் ஒருவன் தமிழிலே ஆணை எழுதி நயினாதீவில் நாட்டினான் என்றால், அவ்வாணையைப் படிக்கவேண்டிய வணிகரும் மாலுமிகளும் எம்மொழி அறிந்தவர் என்பது சொல்லாமலே விளங்கும். அவர்கள் நீர்வழியாக வந்தவர்கள்.

நெடுந்தீவில் வீடுகளும் வேலிகளும் பவளப்பாறைக் கற்களால் அடுக்கப்பட்டவை. இடிந்த கோட்டையொன்றும், ஐரோப்பியர் காலத்திலிருந்து அங்கு பெருகிய மட்டக் குதிரைகளும் காணத்தக்கன. குறிகட்டுவானிலிருந்து அங்கு செல்லும் கடல்வழிக்கு ஒரு துயர நினைவும் உண்டு. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள், குமுதினி என்னும் பயணிகள் படகிற் சென்ற ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் அவர்களை நினைந்து அஞ்சலி செலுத்துகின்றனர்.

நீர்வழியின் இந்தக் கடுமுகத்தைப் பளை மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. பளையை அடுத்த கிளாலிக் கரையே தொண்ணூறுகளின் முற்பகுதியில் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே எஞ்சியிருந்த வழி. ஆனையிறவு மூடப்பட்டிருந்த அவ்வாண்டுகளில் நோயாளரும் மாணவரும் வணிகரும் இருளில், சிறு வள்ளங்களில், கடனீரேரியைக் கடந்தனர். 1993 சனவரி 2 ஆம் நாள் அந்நீரிலே பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். ஆகவே ஒரு தலைமுறையினருக்குக் கடனீரேரி என்பது அச்சத்தோடு கடந்த நீர். அவர்கள் அதனை ஊன்றி நோக்கவில்லை. மறுகரையை மட்டுமே நோக்கினர்.

அடுத்த தலைமுறையின் நிலை வேறு. 2009 இன் பின் நெடுஞ்சாலை திறந்தது. 1990 முதல் நின்றிருந்த புகையிரதம் 2014 மார்ச்சிற் பளை வரையும், அக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் வந்தது. இன்றைய பிள்ளைகள் ஒரு மணித்தியாலத்தளவில் நகரத்தை அடைகின்றனர். துணிக்கடையையும், வைத்தியசாலையையும், கல்விநிலையத்தையும் கண்டு திரும்புகின்றனர். முன்னையோர் நீரை அச்சத்தோடு கடந்தனர். பின்னையோர் நீரைக் காணாமலே செல்கின்றனர். இரு சாராருக்கும் பட்டினத்தின் நீர்முகம் மறைந்தேயிருக்கின்றது. அது மறைந்தால் அதனோடு மறைவது கோட்டைகளின் கதை மட்டுமன்று. இம்மக்கள் கீழைக்கடலெங்கும் அறியப்பட்ட துறைமுகத்தின் சொந்தக்காரர் என்ற உணர்வும் மறையும். தம் ஊர் உலகத்தின் ஓரத்திலே கிடக்கின்றது என்று எண்ணும் பிள்ளை, தன் ஊரின் வழியே உலக வாணிகம் நடந்தது என்று அறிந்தால் அதன் நடையே மாறும்.

இப்பயணத்துக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பொதுமக்கள் ஏறும் பஸ் வண்டியும் வள்ளமுமே போதும். வாடைக்காற்றின் மழைக்காலத்தையும், சோளகம் வலுக்கும் நடு ஆண்டையும் தவிர்த்து, தை முதற் சித்திரை வரையுள்ள அமைதியான மாதங்களைத் தெரிந்துகொள்வது நலம். காலையிற் புறப்படுதலும், திரும்பும் வள்ளத்தின் நேரத்தை முன்னரே கேட்டறிதலும், பாதுகாப்பு அங்கி அணிதலும் இன்றியமையாதன. பாடசாலைகள் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முயலாது, ஒருநாள் நல்லூரும் கோட்டையும், மற்றொருநாள் ஊர்காவற்றுறையும் தீவகமும் எனப் பிரித்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் கையில் ஒரு தேசப்படமும் ஒரு வினாவும் இருந்தாற் போதும். வன்னியிலிருந்து புறப்பட்ட ஒரு யானை எவ்வழியாகக் கப்பலேறிற்று என்பதே அவ்வினா. அதனைத் தொடர்ந்து செல்லும் பிள்ளை வீதியையும் கோட்டையையும் துறையையும் கடலையும் தானே இணைத்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்திற் குருவாகப் பணிபுரிந்த பல்தேயஸ் என்னும் ஒல்லாந்தர், தாயகம் திரும்பி, 1672 ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாமில் ஒரு பெருநூலை அச்சிட்டு வெளியிட்டார். யாழ்ப்பாணத்தையும் அதன் தீவுகளையும் பற்றிய செய்திகளையும் படங்களையும் அந்நகரத்து மக்கள் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தம் வீட்டிலிருந்தவாறு கண்டனர். பளையில் வாழ்வோருக்கு நூல் வேண்டியதில்லை. வீதியோரத்தில் நின்று பஸ் வண்டியை மறித்து ஏறினாற் போதும். குறிகட்டுவானில் இறங்கியதும் வீடு திரும்பாது, வள்ளத்தில் ஒரு காலை வைக்க வேண்டும் என்பதே வேண்டுவது.